கரண்டு இருக்குதுன்னு சொன்ன பெட்டி

வசந்தாமணியின் கைப்பேசிக்கு ஒரு நாளில் வரும் அழைப்புகளில் பாதி, அவருடைய கிணற்று மோட்டாரிடமிருந்து வருபவை.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் புதுச்சத்திரம் தாண்டி, இடது கைப்பக்கம் திரும்பி இரண்டு கிலோமீட்டர் போனால் அவருடைய கோழிப்பண்ணை. மூன்று கொட்டகை, பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழி. கிணற்றடியில் சுவரில் மாட்டிய தகரப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. மின்சாரம் வந்தாலும் போனாலும் அது அவரையும் கணவரையும் கூப்பிடும். பதிவு செய்த பெண்குரல் ஒன்று, "வணக்கம். மின்சாரம் உள்ளது. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். அந்தப் பக்கத்தில் கரண்டு வந்துவிட்டதா என்று பார்க்க யாரும் கிணற்றுக்கு நடப்பதில்லை. கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஓடும் பேருந்திலும் நின்றுகொண்டே ஒன்றை அழுத்துகிறார்கள்.

வசந்தாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. பிளஸ் டூ வரை படித்தவர். தீவனமும் முட்டை லோடும் கணவர் ஜீவானந்தத்தின் பொறுப்பு. கொட்டகை, ஆட்கள், மருந்து, மின்சாரம் எல்லாம் இவர் பொறுப்பு. பெட்டி சொல்வதைக் கேட்டு ஒன்பது ஆண்டுகள் பண்ணை நடத்தினார். அதே பெட்டி சொன்னதைக் கேட்டு ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கினார். அதைத் திருத்த ஒரு வருடம் அலைந்தார்.

சென்ற ஆண்டு சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோட்டில் ஜீவானந்தத்தின் பங்காளி வீட்டுக் கல்யாணம். கொட்டகைகளைப் பொன்னனிடம் விட்டுவிட்டு இருவரும் போயிருந்தார்கள். பொன்னனுக்கு ஊர் வாழப்பாடிப் பக்கம். பண்ணையிலேயே குடியிருந்து ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தவர். எந்தக் கூண்டில் எந்தக் கோழி சரியாகத் தீவனம் எடுக்கவில்லை என்று நடந்துகொண்டே சொல்வார்.

அன்று வெயில் நாற்பத்தொரு டிகிரி. அந்த மாதிரி நாளில் பதினொரு மணிக்குப் பனித்தூவானைப் போட்டுவிட வேண்டும். கூண்டுகளுக்கு மேலே குழாயில் இருக்கும் சிறு மூக்குகள் வழியாக நீர் புகை மாதிரி இறங்கும். இல்லாவிட்டால் கோழி வாயைப் பிளந்து இரைக்கும், இறக்கையை விரிக்கும், மூன்று மணி வாக்கில் சாய ஆரம்பிக்கும்.

பதினொன்றே முக்காலுக்குப் பொன்னன் கூப்பிட்டார். பந்தியில் இலை போட்டிருந்தார்கள்.

"அக்கா, தூவான் பம்பு ஓட மாட்டேங்குது. போட்டா உறுமுது, சுத்தல. பயந்து நிறுத்திட்டேன்."

"கரண்டு இல்லியா?"

"ரூமுல லைட்டு எரியுதுக்கா. பம்புதான் உறுமுது."

வசந்தாமணி பக்கத்து இலையைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங்க, பம்பு ஓடலயாமா."

ஜீவானந்தம் எச்சில் படாத கையால் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். "பாரு, பதினொண்ணு பத்துக்குப் பெட்டி பேசியிருக்குது. கரண்டு இருக்குது. நானே ஒண்ணு அமுத்தி மோட்டாரப் போட்டுட்டேன், ஓடுது. அவன் எங்கயாவது படுத்துத் தூங்கிட்டு எந்திரிச்சிருப்பான். சுவிட்ச ஒழுங்காப் போடச் சொல்லு."

வசந்தாமணி அதை அப்படியே சொன்னார். "கரண்டு இருக்குது பொன்னா. சுவிட்ச ஒழுங்காப் போடு."

"சரிக்கா" என்று சொல்லிப் பொன்னன் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை.

மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது கொட்டகையில் சத்தமே குறைந்திருந்தது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கோழி. பொன்னனும் அவர் மனைவியும் குடத்தில் தண்ணீர் மொண்டு கூண்டு கூண்டாக வீசியிருந்தார்கள், தரையெல்லாம் சேறு. பம்பு அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாலரைக்கு மேல தானா ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றார் பொன்னன்.

"தானாவா?" ஜீவானந்தம் கத்தினார். "மத்தியானம் பூரா ஓடாதது நாங்க வர்ற நேரத்துக்குத் தானா ஓடுமா? கதை சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குது!"

வசந்தாமணியும் அப்படியே நம்பினார். அந்த வாரமே பொன்னன் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பரமத்தி பக்கம் இரண்டு பண்ணைகளில் வேலை கேட்டாராம். அங்கேயும் செய்தி முன்னால் போயிருந்தது. பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் முட்டை விலையைவிட வேகமாக அது பரவியது: தூங்கிக்கொண்டே ஆயிரத்து அறுநூறு கோழியைக் கொன்றவன்.

ஆனி மாதம் பெட்டி கெட்டது. ராசிபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் சின்னண்ணன் வந்தார். மூடியைக் கழற்றி, செத்த பல்லி ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துப் போட்டார். உள்ளே ஒரு சிறு திருகைத் தொட்டுக் காட்டினார்.

"இது ரெண்டு பேஸ்ல இருக்குதுங்க அம்மிணி."

"எல்லாரும் அப்படித்தானுங்க வெச்சிருக்கறோம்?"

உண்மைதான். அந்த வட்டாரத்தில் மூன்று கம்பியிலும் மின்சாரம் வருவதற்குக் காத்திருந்தால் பயிர் காயும். அதனால் இரண்டு கம்பியில் வந்தாலே மோட்டார் ஓடுகிற மாதிரி கண்டன்சர் ஒன்றைப் பொருத்தி, பெட்டியின் திருகையும் இரண்டுக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். விதிப்படி கூடாது. ஆனாலும் எல்லாரும் செய்வது.

"வெச்சுக்குங்க, நான் வேண்டாங்கல" என்றார் சின்னண்ணன். "ஆனா மூணாவது கம்பி அந்து கெடந்தாலும் இவனுக்குத் தெரியாது. ரெண்டைப் பார்த்துட்டு, மின்சாரம் உள்ளதுன்னு ஊருக்கெல்லாம் ஃபோன் பண்ணுவான். கேணி மோட்டாருக்குக் கண்டன்சர் இருக்குது, ஓடிரும். ஆமா, தூவான் பம்புக்கு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது ஓடாது. உறுமும். உடனே நிறுத்தலீன்னா வைண்டிங் கருகிரும்."

வசந்தாமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க."

"உறுமும்ங்க. சுத்தாது."

பொன்னன் சொன்ன அதே சொல். பம்பு கருகாமல் மிச்சமிருந்ததே அவர் நிறுத்தியதால்தான்.

அன்றே திருகை மூன்றுக்கு மாற்றச் சொன்னார். கணவரிடமும் சொன்னார். ஜீவானந்தம் தீவன மூட்டையை எண்ணுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "சின்னண்ணன் வைண்டிங் கடைக்காரன். அன்னிக்குக் கம்பி போச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஈ.பி.ல எழுதிக் குடுக்கச் சொல்லு, நம்பறேன்."

எழுதி வாங்கிவிடலாம் என்றுதான் வசந்தாமணியும் நினைத்தார். வெறுங்கையோடு பொன்னன் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. ஒரு காகிதம் வேண்டும். அன்று பதினொன்றிலிருந்து நாலரை வரை மூன்றாவது கம்பி செத்துக் கிடந்தது என்று ஒரே ஒரு வரி.

மின் அலுவலகத்தில் இருந்த இளம் பொறியாளர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கணினியைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு உங்க லைன்ல முழுநாளும் சப்ளை இருந்திருக்குதுங்கம்மா."

"மூணு கம்பியிலயுமா?"

"துணை மின்நிலையத்துல இருந்து கெளம்பியிருக்குதுங்க. அதான் எனக்குத் தெரியும்."

"கெளம்பினது சரிங்க சாமி. ஊடு வந்து சேந்துதா?"

அவர் சிரித்துவிட்டார். வசந்தாமணி சிரிக்கவில்லை. "எங்க டிரான்ஸ்பார்மர்ல போன வருசம் ஒரு மீட்டரு மாட்டுனீங்களே, குச்சியாட்டம் ஏரியல் வெச்சு. அதுக்குத் தெரியுமில்லீங்க?"

"அது பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு கம்பியையும் பார்த்து அனுப்பும்ங்க. ஆனா நேரா தலைமை ஆபீசுக்குப் போயிரும். பாக்கறதுக்கு எங்களுக்கு அனுமதி இல்லீங்கம்மா."

"கம்பம் நம்ம காட்டுல நிக்குது. அது பேசறது மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டுமா?"

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். ஆவணியில் பதில் வந்தது. அந்த மாதம் அந்தப் பாதையில் ஒரு நுகர்வோருக்கு ஏற்பட்ட சராசரி மின்தடை ஏழு நிமிடம் என்று இருந்தது. வசந்தாமணி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்டது ஒரு நாளை. அவர்கள் கொடுத்தது ஒரு மாதத்தின் சராசரி. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கோழி ஏழு நிமிடத்தில் செத்திருக்கிறது.

அடுத்து நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மூன்று முறை போனார். கைப்பேசியில் பெட்டி கூப்பிட்ட நேரங்களைப் படி எடுத்துக் கொடுத்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"உங்க பெட்டியே பதினொண்ணு பத்துக்குக் கரண்டு இருக்குன்னு சொல்லியிருக்கேம்மா. நீங்க எங்க பக்கம் சாட்சி கொண்டுவந்திருக்கீங்க."

"அது ரெண்டு பேஸ்ல வெச்சிருந்ததுங்க. அதுக்கு மூணாவது கம்பி தெரியாதுங்க."

"ரெண்டு பேஸ்ல மோட்டார் ஓட்டறது விதிமீறல், தெரியுமா?"

தெரியும். மறைத்திருக்கலாம். மறைத்தால் பொன்னன் சொன்ன உறுமலுக்கு அர்த்தம் வராது. "ஓட்டுனேங்க. தப்புதானுங்க. அந்தத் தப்புனாலதான் ஒருத்தரு சொன்ன நெசம் எங்களுக்குப் பொய்யாப் போச்சுங்க. டிரான்ஸ்பார்மர் மீட்டரப் பார்த்தா ஒரே நிமிசத்துல தெரிஞ்சுருமுங்க."

போதிய ஆதாரமில்லை என்று மனு முடிந்தது. கண்டன்சர் பொருத்தியதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஐந்து மாதத்தில் மின் அலுவலகத்திலிருந்து தாமதமில்லாமல் வந்த ஒரே காகிதம் அதுதான்.

மின் அலுவலகத்துக்கு மேலே ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது என்றும், தை மாதம் சேலத்தில் மக்கள் கருத்தைக் கேட்க வருகிறார்கள் என்றும் பண்ணைக்காரர் சங்கத்தில் சொன்னார்கள். மின்சாரம் விற்கிறவர்களைத் தட்டிக் கேட்கும் இடம் அது. அவர்கள் பார்க்க முடியாதது ஏதும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனார் வசந்தாமணி.

மண்டபம் நிறைந்திருந்தது. அவருடைய டோக்கன் எண் அறுபத்து மூன்று. பேச மூன்று நிமிடம். அவருக்கு முன்னால் ஒரு நூற்பாலைக்காரர் எழுந்தார். வெளிச்சந்தையில் வியாபாரிகளிடம் வாங்கும் மின்சாரத்துக்குக் கால்மணி நேரத்துக்கு ஒரு விலை என்கிறார்கள், எந்தக் கால்மணியில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று ஆணையம் அப்போதைக்கப்போதே பார்க்கிறதா என்று கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு தொகுத்து வருகிறது என்றார் மேடையில் இருந்த அதிகாரி. நரைத்த தலை, களைத்த குரல்.

வசந்தாமணி ஒலிபெருக்கியைப் பிடித்துத் தன் கதையை இரண்டு நிமிடத்தில் சொன்னார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. அந்த நாளு, அந்த மீட்டரு, மூணாவது கம்பி. பார்த்துச் சொன்னாப் போதும்."

அதிகாரி ஒலிபெருக்கியை அருகில் இழுத்தார். "அம்மா, உண்மையைச் சொல்கிறேன். அதைப் பார்க்கும் திரை அவர்கள் அறையில் இருக்கிறது. எங்கள் அறையில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். அதை அவர்களேதான் தயாரிக்கிறார்கள். நேரடியாகப் பார்க்க வசதி கேட்டு எழுதியிருக்கிறோம்."

"எப்பங்க எழுதுனீங்க?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கோப்பைப் பார்த்தார். "இரண்டு வருடம் ஆகிறது."

"எங்க கேணி மோட்டாரு எனக்கு ஃபோன் பண்ணுதுங்க. ஒரு சிம்மு, ஒரு பெட்டி, அவ்வளவுதான். மெட்ராஸ்ல இத்தன பெரிய ஆபீசு வெச்சிருக்கறீங்க, உங்களுக்கு ஏனுங்க யாரும் ஃபோன் பண்றதில்ல?"

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் கைதட்டினார்கள். அதிகாரியும் புன்னகைத்து, "குறித்துக்கொண்டோம்" என்றார். மறுநாள் செய்தித்தாளில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கலகலப்பாக்கிய கோழிப்பண்ணைப் பெண். ஜீவானந்தம் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

"அத எதுக்கு வெட்டறீங்க?" வசந்தாமணி சீறினார். "நான் அங்க ஜோக்கு சொல்றதுக்கா பஸ் ஏறிப் போனேன்?"

ஆணையம் அவருடைய மனுவை மேலே அனுப்பியது உண்மை. வைகாசி முடிகிற சமயத்தில் பதில் வந்தது. மின்மாற்றி மீட்டரின் நினைவகத்தில் அறுபது நாள் விவரம் மட்டுமே தங்கும். அதற்குப் பிறகு மாதச் சுருக்கமே மிஞ்சும். கோரப்பட்ட தேதிக்கான விவரம் தற்போது இல்லை.

வசந்தாமணி சுவரிலிருந்து பழைய நாட்காட்டியைத் தேடி எடுத்தார். கல்யாண நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினார். பொறியாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்த அன்று ஐம்பத்து மூன்றாவது நாள். அந்த வரி அப்போது இருந்தது. இன்னும் ஏழு நாள் இருந்தது. பார்க்க முடிந்தவர்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்களுக்குத் திரை இல்லை. அவர் சராசரிக்காக ஆவணி வரை காத்திருந்தார்.

மறுநாள் காலை ராசிபுரத்தில் பேருந்து ஏறி, சேலத்தில் மாறி, வாழப்பாடியில் இறங்கினார். காய்கறி மண்டியில் விசாரித்தார். பொன்னன் தக்காளிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். வசந்தாமணியைப் பார்த்ததும் தோளில் இருந்த பெட்டியை இறக்காமலே நின்றார்.

"வாங்கக்கா. நல்லாருக்கீங்களா?"

"பொன்னா, நீ சொன்னது நெசம். அன்னிக்கு மூணாவது கம்பி இல்ல. எங்க பெட்டிதான் தப்பாச் சொல்லுச்சு. ஈ.பி.ல எழுதி வாங்கிட்டு வந்து உங்கிட்டக் குடுக்கலாம்னு அலைஞ்சேன். நாமக்கல்லு, சேலம், மெட்ராசுக்கு மனு. ஒண்ணும் கெடைக்கல. எல்லாம் அழிஞ்சு போச்சாமா."

பொன்னன் பெட்டியை லாரியில் வைத்துவிட்டு வந்தார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போன ஆனியில."

"போன ஆனி." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு வருசம். நடந்தது எனக்குத் தெரியும்க்கா, எனக்கு எதுக்குப் பேப்பரு? அன்னிக்கே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தா பரமத்தியில வேலைக்கு நின்னிருப்பேனே."

ஏன் யாரும் ஃபோன் பண்ணுவதில்லை என்று ஆணையத்திடம் வசந்தாமணி கேட்ட கேள்வி அவருக்கே திரும்பி வந்திருந்தது.

கைப்பேசியை எடுத்தார். பண்ணைக்காரர்கள் குழுவைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கு பேர். பொன்னன் பார்த்துக்கொண்டிருக்க, குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினார்.

"வணக்கமுங்க. புதுச்சத்திரம் வசந்தாமணி பேசறேன். போன சித்திரையில எங்க கொட்டாயில கோழி செத்ததுக்குப் பொன்னன் காரணமில்லீங்க. அவரு தூங்கல. பம்பு உறுமுதுன்னு எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாரு. நான்தான் பெட்டிய நம்பி அவர நம்பல. தப்பு எங்க மேலதானுங்க."

போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிடம் கழித்து முதல் பதில் வந்தது: இன்னிக்கு முட்டை ரேட் என்னங்க?

பொன்னன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதான் முக்கியம்" என்றார்.

அப்போது கைப்பேசி அடித்தது. பெட்டி. "வணக்கம். ஒரு பேஸ் இல்லை. மோட்டாரை இயக்க இயலாது." வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வசந்தாமணி பதறிக் கணவரைக் கூப்பிட்டார். மண்டி இரைச்சலில் கேட்காதென்று ஒலியைப் பெரிதாக வைத்தார்.

"ஏனுங்க, தூவான் ஓடுதுங்களா?"

"எங்க ஓடுது!" ஜீவானந்தத்தின் குரல் தக்காளிப் பெட்டிகளுக்கு மேலே கேட்டது. "போட்டா உறுமுது மணி. சுத்த மாட்டேங்குது."

"உடனே நிறுத்துங்க. டேங்க்குத் தண்ணிய வாளியில மொண்டு ஊத்துங்க. நான் ஈ.பி.க்குச் சொல்றேன்."

புகார் எண்ணை அழுத்தினார். நான்கு பாட்டுத் துண்டுகளுக்குப் பிறகு ஓர் இளம்பெண் எடுத்தாள். வசந்தாமணி இணைப்பு எண்ணைச் சொன்னார். மூன்றாவது கம்பி இல்லை என்றார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எங்க சிஸ்டத்துல உங்க லைனுக்கு சப்ளை இருக்குன்னுதான் காட்டுது மேடம்."

பெரிதாக வைத்த ஒலியில் அது பொன்னனுக்கும் கேட்டது.

பொன்னன் அடுத்த பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார். அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பில் காரம் இருந்தது.

"என்னக்கா, சுவிட்ச ஒழுங்காப் போடச் சொல்றாங்களா?"